நகப்பூச்சுப் புள்ளி

துஸ்ஸாவுக்கு நாலு மணிக்குச் சாப்பாடு வைத்துப் பழக்கம். இப்போது மணி ஒன்றரை. நான் வளவளவென்று பேசுகிறவன் இல்லை, அதனால் அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வைக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஆள் கஞ்சியை ஆறவிடாமல் வைத்துவிடுவார், நாய்க்கு வாய் வெந்துபோகும். அதை மட்டும் யாராவது போன் போட்டுச் சொல்லிவிட்டால் நல்லது.

நேற்று வந்த உங்கள் உதவியாளர் மூன்று மணி நேரம் கேட்டும் கேட்காததை, நீங்கள் உட்கார்ந்ததுமே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அன்று காலையில் அக்காவிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அப்போதே தெரிந்துவிட்டது, நீங்களும் வேட்டைக்குப் போகிறவர்தான். அவர் ஸ்டாக்ஹோம்காரர். 'நல்லபடியா போயிட்டு வா' என்பதில் என்ன தப்பு என்று அவருக்கு விளங்காது. இங்கே வடக்கே, யெம்ட்லாண்டில் காட்டுக்குக் கிளம்புகிறவரிடம் நல்ல வார்த்தை சொன்னால் உருப்படாது. 'உன் வேட்டை நாசமாப் போகட்டும்' என்று சபித்துத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் குழுவில் பதினோரு பேர். முப்பத்தெட்டு வருஷமாக ஒருவரை ஒருவர் அப்படித்தான் வாழ்த்திக்கொள்கிறோம். கடைசி ஐந்து வருஷமாக அதை மனதாரச் சொன்னவன் நான் ஒருவன்தான்.

என் வேலை சுடுவதல்ல. சுட்டவரின் குண்டு சரியாகப் படாமல், மிருகம் காயத்தோடு ஓடிவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் என் நாயும் இரத்தத் தடத்தைப் பிடித்துப் போய், அதைக் கண்டுபிடித்து, அதன் வலியை முடித்து வைப்போம். மழையில் போயிருக்கிறேன், இடுப்பளவு சேற்றில் போயிருக்கிறேன். அடிபட்ட உயிரைக் காட்டில் விட்டுவிட்டு வரும் பழக்கம் எனக்கு இல்லை. அதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தடம் முடிந்ததும் குழுத் தலைவன் பிர்யெர் ஊசியிலை மரத்தில் ஒரு சின்னக் கிளையை ஒடித்து என் தொப்பியில் செருகுவான். அந்த நேரத்தில் மற்றவர்கள் தங்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். பிர்யெர் என் அக்கா யோர்டிஸின் கணவன். அவளும் எங்கள் குழுவில் சுடுகிறவள்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் முற்றம் ஒன்றுதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பிர்யெர்தான் அந்த வளையத்தை முதலில் வாங்கிக்கொண்டு வந்தான். துப்பாக்கிக் குழலின் முனையில் திருகிக்கொள்கிற கனமான வளையம். குண்டு கிளம்பும்போது எந்தக் குழலும் தூண்டில் கோல் மாதிரி அதிரும். வளையத்தை முன்னும் பின்னுமாக நகர்த்தினால் அந்த அதிர்வு மாறும். ஏதோ ஓர் இடத்தில் அது அடங்கி, குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் போகும். வளையத்தைச் சுற்றிப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், குழலில் ஒரு கோடு. உங்கள் துப்பாக்கிக்கு எந்த எண் என்று சுட்டுச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தார்கள். பிறகு அவன் நூறு மீட்டரில் மூன்று குண்டை ஒரே ஓட்டையில் போட்டுக் காட்டினான். அடுத்த வருஷம் பத்துத் துப்பாக்கியிலும் வளையம் ஏறிவிட்டது. எண் கண்டுபிடிக்கும் பொறுமை மட்டும் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. அது என்னிடம் இருந்தது. ஆகஸ்ட் மாதம் முழுக்கச் சுடுதளத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எண் பிடித்தேன். சரியான எண்ணின் மேல் யோர்டிஸின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி கோட்டுக்கு நேராக நின்றால் துப்பாக்கி சரி. எண்ணை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. எவெர்ட் புள்ளி வைத்தால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

நகப்பூச்சு கேட்டுப் போகும்போதெல்லாம் யோர்டிஸ் கேலி செய்வாள். "ஏண்டா, வருஷா வருஷம் என் பாட்டிலக் காலி பண்றியே. துப்பாக்கிக்கு மட்டும்தானா, இல்ல நீயும் நகத்துக்குப் பூசிக்கிறியா?"

எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பெல்லாம் ஓர் இலையுதிர் காலத்துக்கு ஐந்தாறு அழைப்பு வரும். வளையம் வந்த பிறகு ஒன்று. அதற்கு அடுத்த வருஷம் ஒன்றுகூட இல்லை. அவர்கள் சுட்டால் மிருகம் நின்ற இடத்திலேயே விழுந்தது. நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நான் காட்டுச் சாலையில் காரில் உட்கார்ந்து, பின்சீட்டில் துஸ்ஸா முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் இறைச்சி வெட்டும் கொட்டகையில் எங்கள் குழுவின் சிக்ஸ்டென் கேட்டான். "எவெர்ட், உன் நாய்க்கு பென்ஷனுக்கு எழுதிப் போடலாமா? சும்மா உக்காந்து கொழுத்துப் போச்சே." எல்லோரும் சிரித்தார்கள். யோர்டிஸும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தடம் பிடிக்கிற நாய்க்குத் தடம் வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு மழுங்கிவிடும். நான் செய்தது துஸ்ஸாவுக்காக. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த ஆகஸ்ட் கடைசியில், பயிற்சி முடிந்து எல்லோரும் காபிக்குப் போனபோது, நான் துடைத்து வைக்கிறேன் என்று பின்தங்கினேன். சிக்ஸ்டெனின் வளையத்தில் இருந்த புள்ளியைப் பஞ்சால் அழித்தேன். ஓர் எண் தள்ளிப் புதுப் புள்ளி வைத்து, அதற்கேற்ப வளையத்தைத் திருகினேன். இரண்டு நிமிஷ வேலை. செப்டம்பரில் அவன் ஓர் எல்க் மானின் தாடையில் சுட்டான். நாலு மணி நேரத் தடம் அது. துஸ்ஸா ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பிர்யெர் என்னைக் கட்டிக்கொண்டான். "நீ இல்லேன்னா என்னடா பண்ணியிருப்போம்" என்றான்.

ஐந்து வருஷத்தில் பதினான்கு மிருகங்கள். என் வீட்டுச் சுவரில் காய்ந்த கிளைகளை நீங்கள் எண்ணியிருப்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு துப்பாக்கி, ஓர் எண் தள்ளி, அதிகம் போனால் இரண்டு. கணக்குக்கு மீறி நான் போனதில்லை. சிக்ஸ்டென்தான் மூன்றாவது முறை தவறியபோது மனம் உடைந்து போனான். நாற்பது வருஷமாகச் சுடுகிறவன். காரில் உட்கார்ந்து அழுதான். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "யானைக்கும் அடி சறுக்கும் சிக்ஸ்டென். எதுக்கும் கண்ண ஒரு தரம் டாக்டர்கிட்ட காட்டிடு" என்றேன். அவன் துப்பாக்கிகளை விற்றுவிட்டான். அவனுக்கு எப்படியும் இரத்த அழுத்தம் இருந்தது.

இந்த வசந்தகாலக் கூட்டத்தில் பிர்யெர் எழுந்து, பக்கத்துக் குழுவில் ஓர் இளம் நாய் இருக்கிறது, இனிமேல் அதையே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றான். "துஸ்ஸாவுக்கு வயசாச்சு. உனக்கும்தான்டா. மூட்டு வலின்னு நீயே சொல்ற. போதும், வீட்ல நிம்மதியா இரு." அவன் அன்பாகத்தான் சொன்னான். கை தூக்கச் சொன்னார்கள். யோர்டிஸும் கை தூக்கினாள். இந்த இலையுதிர் காலம் முடிந்ததும் நானும் துஸ்ஸாவும் வேண்டாம் என்று முடிவாயிற்று.

அதனால் இந்த ஆகஸ்டில் பிர்யெரின் துப்பாக்கியை எடுத்தேன். அதன் எண் நாலு. ஏழில் வைத்தேன். ஏழில் அது உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும், நாலு விரல் கீழேயும் போகும். தலைவனே ஒரு மிருகத்தைக் காயப்படுத்தி, துஸ்ஸா அதைக் கண்டுபிடித்தால், அந்தத் தீர்மானத்தை மாற்றுவார்கள் என்று நினைத்தேன். செப்டம்பர் எல்க் வேட்டைக்குத்தான் அது. ஆகஸ்டிலேயே வரும் கரடி வேட்டையில் நான் ஒருநாளும் கைவைத்ததில்லை. அதில் மனிதருக்கு ஆபத்து உண்டு. இடுப்புப் பிடிப்பு என்பதால் இந்த வருஷம் கரடிக்குத் துப்பாக்கி தூக்கப்போவதில்லை, குடிலில் ரேடியோவோடு உட்காரப்போகிறேன் என்று பிர்யெர் முன்பே சொல்லியிருந்தான். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

யோர்டிஸின் துப்பாக்கி முந்தின நாள் பாறையில் விழுந்து, அதன் குறிபார்க்கும் தொலைநோக்கி விரிசல் விட்டதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் இருபத்தொன்று, காலை ஆறு மணிக்குக் குடிலின் முன்னால் கூடினோம். கரடி வரக் காத்திருக்கும் காவல் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் கையைப் பிடித்து நாசமாப் போகட்டும், நாசமாப் போகட்டும் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். யோர்டிஸ் என் முன்னால் வந்து நின்றாள். அவள் தோளில் பிர்யெரின் துப்பாக்கி. வளையத்தில் சிவப்புப் புள்ளி, ஏழின் மேல்.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா? சொல்லு."

"நல்லபடியா போயிட்டு வா, யோர்டிஸ்" என்றேன்.

யாரோ மூன்று முறை துப்பினார்கள். பிர்யெர், "டேய், புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? விடிஞ்சதும் விடியாததுமா இப்படியா பேசுவ?" என்று கத்தினான். யோர்டிஸ் என் சட்டைக் காலரைப் பிடித்தாள். பாதி சிரிப்பு, பாதிப் பயம். "இப்பவே வாபஸ் வாங்குடா. நாசமாப் போன்னு சொல்லு. சொல்லிட்டேன்னா போயிடறேன்."

எனக்கு அதைச் சொல்ல வரவில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் வார்த்தை. நான் சொன்னால் நிஜம்.

துப்பாக்கியைக் கொடு, வளையத்தைச் சரியாகத் திருகித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். புள்ளி தப்பு என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். சுற்றி எட்டுப் பேர். அதுவும் போக, காட்டில் ஒரு கரடி, எட்டுக் காவல் இடங்கள். அது அவள் பக்கம்தான் வரும் என்று என்ன நிச்சயம். நான் மௌனமாக இருந்தது நியாயமான கணிப்புதான். அவள் என் காலரை விட்டுவிட்டு, "போடா பைத்தியம்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பதினொன்று இருபதுக்கு இரண்டு வெடிச் சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது. பிறகு என் போன் அடித்தது. "எவெர்ட், கரடிக்கு அடிபட்டிருக்கு, ஆனா விழல. யோர்டிஸ் ரேடியோல பேச மாட்டேங்கறா. மத்தவங்கள அசையாம அவங்கவங்க இடத்துல இருக்கச் சொல்லிட்டேன். நான் வந்து சேர அரை மணி ஆகும்" என்றான் பிர்யெர். "நீ போ. நீதான்டா போகணும்."

வசந்தகாலத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து 'நீதான்' என்ற வார்த்தையை நான் கேட்கவில்லை. துஸ்ஸா அதற்குள் கார்க் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

நான் போனபோது அவள் இறந்திருந்தாள் என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். அவர் எழுதியதுதான் சரி. காவல் இடத்துக்குக் கீழே, தொடை கிழிந்து, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி பக்கத்தில் கிடந்தது. "சரியாத்தான்டா குறி வெச்சேன்" என்றாள். "மூணு தடவையும் சரியாத்தான் வெச்சேன்." என் பையில் கட்டுத்துணி இருந்தது. நாய்க்கு ஏதாவது ஆனால் வேண்டுமே என்று எப்போதும் வைத்திருப்பேன்.

நான் துப்பாக்கியை எடுத்து வளையத்தை ஏழிலிருந்து நாலுக்குத் திருப்பினேன். ஏன் என்றால், ஒரு பொருள் அதன் இடத்தில் இருக்க வேண்டும். அவள் பிழைத்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று நினைத்தாயா என்கிறீர்கள். இல்லை. நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. நகப்பூச்சு வீட்டில் இருந்தது, அதனால் புள்ளி மட்டும் ஏழிலேயே நின்றுவிட்டது. அதை நீங்கள் கண்டுபிடித்தது நல்ல கூர்மை.

அவள் நான் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துஸ்ஸாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இருடா. போகாத" என்றாள். துஸ்ஸா இரத்தத்தை மோந்துவிட்டு முன்னால் இழுத்தது. பதினோரு வயது நாய், அதன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய தடம். நான் யோர்டிஸின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

அறுநூறு மீட்டர். இரண்டு ஓடைகள், ஒரு சதுப்பு. துஸ்ஸா எங்குமே தப்பவில்லை. கரடி ஒரு பள்ளத்தில் மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்தது. ஒரே குண்டில் முடித்து வைத்தேன். திரும்பி வந்தபோது பிர்யெர் அவள் உடலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து என் தொப்பியைத்தான் முதலில் பார்த்தான். அதில் கிளை இருந்தது. கொடுக்க அங்கே ஆள் இல்லை, அதனால் நானே ஒடித்துச் செருகிக்கொண்டேன்.

பிர்யெர் என்னைப் பற்றி என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை, துக்கத்தில் இருக்கிறான். ஆனால் அந்தக் கரடி வலியில் கிடந்தது, இன்ஸ்பெக்டர். நீங்களும் வேட்டைக்குப் போகிறவர், உங்களுக்குப் புரியும். அடிபட்ட உயிரைக் காட்டில் விட்டுவிட்டு வரும் பழக்கம் எனக்கு இல்லை.