தண்ணீர் வராத குழாய்கள்

விலை சொல்வதற்கு முன்னால் நான் ஒரு டீ குடிப்பேன், ஐயா. போடியில் கட்டட வேலை எடுத்துச் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும். சிலர் மனையைச் சுற்றி நடப்பார்கள். சிலர் மண்ணை அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். நான் உட்கார்ந்துகொள்வேன். டீ எந்த டம்ளரில் வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள், கொடுத்தவர் நின்று பேசுகிறாரா, உள்ளே போய்விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே குடிப்பேன். டம்ளரைக் கீழே வைக்கும்போது விலை மனசில் வந்துவிட்டிருக்கும்.

ஆளைப் பார்த்து விலை. அதை நான் ஒளித்ததில்லை. ஏலக்காய் ஏலத்துக்குக் காரில் போகிறவருக்கு ஒரு விலை, காய் எடுக்க ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலைக்குப் போகிறவளுக்கு ஒரு விலை. அவர் கூடக் கொடுப்பதால்தான் இவளுக்குக் குறைக்க முடிகிறது. எங்கள் தெருவில் இருந்த டாக்டரும் இப்படித்தான் வாங்கினார். அவரைப் புண்ணியவான் என்றார்கள். கொத்தனாராக இருந்து காண்ட்ராக்டர் ஆனவன் செய்தால் அதற்குப் பெயர் ஏமாற்று. இருக்கட்டும். விலையில்தான் வித்தியாசம் பார்ப்பேனே தவிர சரக்கில் பார்க்க மாட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குரங்கணியில் வேலுத்தாய் அக்காவுக்கு வீடு கட்டியது நான்தான். புருஷன் இல்லாதவர். மகள் மகாராணியும் அவரும் எஸ்டேட்டில் காய் எடுத்துச் சேர்த்த காசு. நான் போன அன்று சர்க்கரை வாங்கப் பக்கத்து வீட்டுக்கு மகளை அனுப்பினார். டம்ளரைக் கீழே வைத்தபோது, இந்த வீட்டில் எனக்கு லாபம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். சிமெண்டில் குறைக்கவில்லை, கம்பியில் குறைக்கவில்லை. குடி புகுந்த அன்று ஒரு பை நிறைய அவரைக்காய் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு நன்றியை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஜீப்பில், கடையில், கோயிலில், பார்க்கிறவர்களிடமெல்லாம் சோணைமுத்து தம்பி எங்களிடம் பாதி விலைதான் வாங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

அந்த வீட்டுக்கு நேர் மேலே இருக்கிற சரிவைத்தான் தங்கபாண்டி வாங்கினார். போடியில் ஏலக்காய் வியாபாரம். சனி ஞாயிறு வந்து தங்க ஒரு வீடு வேண்டும் என்றார். மெஷினை விட்டுச் சரிவை வெட்டிச் சமமாக்கியாயிற்று. வெட்டிய இடம் கீழே சரியாமல் இருக்கத் தாங்குசுவர் வேண்டும். அந்த வேலையைப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார். டீ பீங்கான் கோப்பையில் வந்தது, டிரைவர் கொண்டுவந்தார். நான் விலை சொன்னேன். மறுபேச்சில்லாமல் கை கொடுத்தார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன்.

சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் வந்த தங்கபாண்டி, தாகம் என்று கீழே இறங்கி வேலுத்தாய் அக்கா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அக்காவுக்குக் கேட்க வேண்டுமா. வீட்டைச் சுற்றிக் காட்டி, விலையையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார்.

"ஏப்பா சோணை, கீழ அந்தம்மாவுக்கு ஒரு ரேட்டு, எனக்கு ஒரு ரேட்டா? என் நெத்தியில இளிச்சவாயன்னு எழுதி ஒட்டியிருக்கா?"

நான் பொறுமையாக விளக்கினேன். அவர் கூடக் கொடுப்பது எங்கே போகிறது என்று சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தர்மம் பண்ணணும்னா ஒன் பையில கைய விட்டுப் பண்ணு. என் பையில எதுக்கு விடுற? அந்தம்மாவுக்குப் போட்ட ரேட்டுதான் எனக்கும். முடியாதுன்னா இப்பவே சொல்லு, கம்பத்துல இருந்து வேற ஆள் வரும்."

கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என் ஆட்கள்தான். நான் சரி மொதலாளி என்றேன். பாதிச் சுவரில் வேறொருவன் கை வைத்தால் என் பெயர் போய்விடும். அதைவிட, இந்தப் பேச்சு போடி கடைத்தெருவுக்குப் போனால் வசதியுள்ள ஒவ்வொருவரும் வேலுத்தாய் விலை கேட்பார்கள். அப்புறம் வேலுத்தாய்களுக்கு வீடு யார் கட்டுவது? இதைக் கோபத்தில் யோசிக்கவில்லை. அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினேன்.

மலைச்சுவரை மண் தள்ளுவதில்லை, ஐயா, மண்ணுக்குள் நிற்கிற தண்ணீர்தான் தள்ளும். அதனால் சுவருக்குப் பின்னால் உடைகல்லை நிரப்புவோம். மழைத்தண்ணீர் கல் இடுக்கில் இறங்கி, சுவரை ஊடுருவி வைத்திருக்கிற குழாய்கள் வழியாக வெளியே கொட்டிவிடும். இந்தக் கல்லை ஜீப்பில் லோடு லோடாக ஏற்ற வேண்டும். செலவு அதில்தான், ஆனால் கட்டி முடித்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. வெளியே தெரிவது குழாயின் வாய் மட்டும்.

நான் குழாயைச் சாண் அளவுக்கு அறுத்தேன். சுவரின் முகத்தில் வரிசையாகப் பதித்தேன். பின்னால் உடைகல்லுக்குப் பதிலாக, வெட்டியெடுத்த மண்ணையே திரும்பத் தள்ளி மூடினேன். கொத்தனார் மொக்கையன் மட்டும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இது உள்ள போகலண்ணே."

"அவரு குடுக்குற காசும் உள்ள வரைக்கும் போகலடா."

அவன் சிரிக்கவில்லை. கீழே வேலுத்தாய் அக்காவின் கூரையைப் பார்த்தான். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. மூணாறு பக்கம் போய்விட்டான் என்றார்கள். சோலி மேல் பிடிப்பில்லாத பையன்.

என் கணக்கு இதுதான். வேலுத்தாய்க்கு அந்த விலையில் முழு வேலை கிடைத்தது, மீதியை யாரோ ஒரு பணக்காரர் கொடுத்ததால். தங்கபாண்டிக்கு மீதியை யார் கொடுப்பார்கள்? அந்த விலைக்கு அதுதான் சுவர். நாலு மழையில் வயிறு தள்ளும், அவருடைய புல்தரையில் விரிசல் விழும், என்னைத் திரும்பக் கூப்பிடுவார், நான் டீ குடித்துவிட்டு நியாயமான விலையைச் சொல்வேன் என்று நினைத்தேன். சுவர் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். மேல்பக்கம் விழுகிற சுவரை யாரும் கட்டியதில்லை. கீழே யாருடைய அடுப்படி இருக்கிறது என்பதும் தெரியும். அதைக் கட்டியவனே நான்தானே.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேறொரு வேலையாகக் குரங்கணி போனவன் அக்கா வீட்டில் நுழைந்தேன். டீ கொடுத்தார். இப்போது வீட்டிலேயே சர்க்கரை இருந்தது. பின்வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார்.

"இம்புட்டு மழ பேயுது, ஒன் குழாயில ஒரு சொட்டு எறங்கலையே தம்பி. நீ கட்டுனா கட்டுனதுதான். மழ விட்ட நேரத்துல சொவரடியில துணி காயப் போட்டாக்கூட நனையல."

நான் அண்ணாந்து பார்த்தேன். குழாய் வாய்கள் எல்லாம் உலர்ந்து கிடந்தன. நடுவில் சுவர் முன்னால் வந்திருந்தது. கல் வேலை தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகாராணிக்குப் பயமாக இருக்கிறதாம். ராத்திரி உள்ளுக்குள் ஏதோ புரள்கிற சத்தம் கேட்கிறதாம். மழை விடும்வரை பெரியம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று தினமும் நச்சரிக்கிறாளாம்.

"நீ சொல்லு அப்பு. போகவா, இருக்கவா? நீ சொன்னா சரி."

டம்ளரில் பாதி டீ இருந்தது. போ என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். எதைச் சொன்னாலும் மறுநாள் ஜீப்பில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரிந்துவிடும். தங்கபாண்டி என்ஜினீயரைக் கூட்டிவருவார். சுவரைத் தோண்டுவார்கள். மழை குறைகிற மாதிரியும் இருந்தது. இதையெல்லாம் யோசித்துத்தான் பதில் சொன்னேன், வாய் தவறிச் சொல்லவில்லை.

"எங்கயும் போக வேண்டாம்க்கா. நான் கட்டுன சொவரு."

அவர் முகம் தெளிந்தது. மகள் வரட்டும், சொல்கிறேன் என்றார். பை நிறைய அவரைக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பகலில் விழுந்தது. மகாராணி மலையில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா அடுப்படியில் இருந்தார். செய்தி கேட்டு ஓடிய முதல் ஆட்களில் நானும் ஒருவன். கையால் மண்ணை அள்ளினேன், நகம் பெயர்ந்தது. வீட்டின் முன்பகுதி நின்றுகொண்டிருந்தது. நான் போட்ட கான்கிரீட்டில் ஒரு கீறல் இல்லை. அதை நாலு பேர் என்னிடமே சொன்னார்கள்.

ஊர்க்காரர்கள் தங்கபாண்டியின் கார் கண்ணாடியை உடைத்தார்கள். பணத்திமிரில் மலையை வெட்டிக் கொன்றுவிட்டான் என்றார்கள். நீங்கள் வந்து அவரைக் கூட்டிப்போனீர்கள். போலீஸ் ஜீப்பில் ஏறும்போது அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். "சோணை, சொவரு நல்லாத்தான் கட்டுனோம்னு நீயாவது சொல்லுப்பா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்து யாரோ தோளில் தட்டினார்கள். அவர் ஜெயிலில் இருந்தால் என்ன என்றுதான் அப்போது தோன்றியது. அவருக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். எனக்கு அப்படியா? தாங்குகிறவரிடம்தானே கூட வாங்க வேண்டும்.

இன்று சாட்சி சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். மேசைமேல் இருக்கும் அந்தக் குழாய்த் துண்டை நான் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றீர்கள். எதற்கு இவ்வளவு சின்னதாக அறுத்திருக்கிறார்கள், உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அறுப்பு அவ்வளவு நேராக இருக்கிறது.

அது என் கையால் அறுத்தது. மற்றதும் அப்படித்தான். தங்கபாண்டிக்கு எதுவும் தெரியாது. மொக்கையன் சொன்னான், நான் கேட்கவில்லை. வேலுத்தாய் என்னைக் கேட்டார், நான் இருக்கச் சொன்னேன். விழும் என்று தெரிந்தே சொன்னேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலுத்தாயிடம் நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்கியதில்லை.