எதிர்வாசலில் பதினேழு ஜோடி

இல்லீங்க, எதிர்வீட்லயும் கிளாஸ் நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா என்ன? நடுவுல ஒரு ரோடு, ஒரு லைட்டுக் கம்பம், அவ்ளோதான். ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்திருக்கீங்க, நல்லது. புள்ளை விஷயம், நாலு இடம் பார்க்கத்தான் வேணும். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். உக்காருங்க. ஐயோ, அது வேணாங்க, அதுல பெயிண்ட் ஈரம். இந்த நாற்காலி. பாப்பா, நீ இங்க வா செல்லம். உனக்கு என்ன வரையப் பிடிக்கும்? பூனையா? இந்தா பேப்பர், இந்தா பென்சில். போடு பார்ப்போம். அம்மாவும் நானும் பேசிக்கிட்டு இருக்கோம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அடுத்தவங்களைக் குறை சொல்ற பழக்கமே எனக்குக் கிடையாது. அந்தம்மா பத்தி நீங்க கேட்டதால சொல்றேன். கேக்கலையா? சரி, கேக்க வந்தீங்க. முகத்துல தெரியுது.

நான் இங்க பதினாலு வருஷமா சொல்லித்தர்றேன். அதுக்கு முன்னாடி நர்சரி ஸ்கூல் சுவர்ல எல்லாம் நான்தான் வரைவேன். முயல், ஆப்பிள், பலூன் புடிச்ச கரடி. பெரிய ஸ்கூல் வாசல்ல ஒரு ஒட்டகச்சிவிங்கி நிக்குமே, ரெண்டு மாடி உயரத்துக்கு? அது நான் போட்டதுதான். ஏணில நின்னு மூணு நாள். அப்ப என் பொண்ணு வயித்துல... சரி, அது எதுக்கு இப்ப.

என் முறை என்னன்னா, எல்லாமே படிப்படியா. யானையா, பன்னெண்டு படி. கிளியா, எட்டு. முதல்ல வட்டம், அப்புறம் முட்டை வடிவம், அப்புறம் ரெண்டையும் சேர்க்கணும். கையே வராதுன்னு அழுதுக்கிட்டு வர்ற புள்ளை கூட மூணாவது வாரம் கிளி போட்டுடும். வீட்டுக்குக் கொண்டு போனா அப்பா அம்மா பார்த்ததும் கிளின்னு சொல்லணும். அதுதானே வேணும்? நீங்களே சொல்லுங்க. அந்தச் சுவர் பாருங்க, எல்லாம் போட்டில ஜெயிச்ச சர்டிபிகேட்டு. ஆணி அடிக்க இடமில்லாம பாதியை பீரோவுல வெச்சிருக்கேன்.

இப்ப எத்தனை பேரா? இப்ப... கொஞ்சம் குறைச்சல்தான். பரீட்சை நேரம் பாருங்க.

பரீட்சை முடிஞ்சிருச்சா? அப்படியா.

வாசல்ல ஆறு ஜோடி செருப்பு பார்த்தேன், உள்ள ஒரு புள்ளையும் காணோமேன்னு யோசிக்கிறீங்க. நீங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிற ஆளு. சரி, உங்ககிட்ட என்ன மறைக்கறது. அதுல ஒண்ணு என்னோடது, ஒண்ணு எங்க வீட்டுக்காரரோடது, மீதி நாலும் என் பொண்ணுக்குச் சின்னதாப் போனது. துடைச்சு நான்தான் வெச்சேன். சிரிக்காதீங்க. எதிர்ல பார்த்தீங்கல்ல? பதினேழு ஜோடி. காலைல காப்பி டம்ளரோட வெளிய வந்தா மொதல்ல கண்ணு அங்கதான் போகுது. சனிக்கிழமைன்னா இருபத்திரெண்டு. அதுல ஒம்பது என்கிட்ட இருந்து போனது. செருப்பைப் பார்த்தே சொல்லிடுவேன், இது பேங்க்காரர் பொண்ணு, இது மெடிக்கல் ஷாப்காரர் ரெட்டைப் புள்ளைங்கன்னு. இங்க வர்றப்ப ஒண்ணை வடக்கப் பார்த்தும் ஒண்ணைத் தெக்கப் பார்த்தும் விசிறிட்டு வருவானுங்க. அங்க போனா வரிசையா வைக்கிறானுங்க. வயிறு எரியுமா எரியாதா?

இப்ப என்கிட்ட மூணு பேர். உங்க பாப்பா சேர்ந்தா நாலு. மூணு புள்ளைக்கு எதுக்கு முன் ரூம், சாமான் வைக்கலாமேன்னு எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சுட்டார். நல்ல மனுஷன்தான், தப்பு சொல்லக் கூடாது, ஆனா ரூமைப் பார்க்கறப்பல்லாம் கண்ணாலயே அளவெடுக்கிறார். அதனாலதான் உங்களை இவ்ளோ நேரம் புடிச்சு வெச்சிருக்கேன். உள்ளதைச் சொல்லிட்டேன்.

பாப்பா, என்னடா கண்ணு, வாலை மொதல்ல போடறே? யாராவது பூனைக்கு வாலை மொதல்ல போடுவாங்களா? இங்க பாரு, ஒரு வட்டம். அழகா ஒரு வட்டம் போடு. ஆங்... குடு, நான் போட்டுத் தர்றேன். இதை அழிச்சிடலாம். ரப்பர் எங்க போச்சு... இந்தா. இப்ப இதுக்குள்ள கண்ணு வை.

ரப்பர்னதும் ஞாபகம் வருது. அங்க ரப்பரே கிடையாதாம்! வாசல்ல ஒரு தகர டப்பா வெச்சிருக்கா மகாராணி. ஆமா, நான் மகாராணின்னுதான் சொல்லுவேன், அவ நடையும் அவளும். உள்ள போற புள்ளைங்க எல்லாம் ரப்பரை அந்த டப்பாவுல போட்டுட்டுத்தான் போகணும். தப்பா வந்தா? அப்படியே இருக்கட்டும்னு சொல்லுவாளாம். பக்கத்துல இன்னொரு கோடு போட்டுக்கோன்னு சொல்லுவாளாம். ஒரு பழைய ஷூவை மேசை மேல வெச்சுட்டு அரை மணி நேரம் பாருங்கன்னு சொல்றாளாம். பென்சிலைத் தொடக் கூடாதாம். ஏங்க, பார்க்கிறதுக்கு ஒரு கிளாஸா? ஷூவைப் பார்க்க நான் எதுக்குப் புள்ளையை அனுப்பணும், வீட்ல ஷூ இல்லையா? மார்க்கும் கிடையாது. நான் ஒவ்வொரு படத்துக்கும் பத்துக்குப் பத்து போட்டு ஸ்டார் ஒட்டி அனுப்பறேன். அவ ஒண்ணும் எழுதறதில்ல. பார்ப்பாளாம், தலையை ஆட்டுவாளாம், அவ்ளோதான். அந்தத் தலையாட்டலுக்கு இந்தப் புள்ளைங்க தவம் கிடக்குதுங்க.

சண்டைக்கு வந்தாலாவது பரவாயில்லங்க. நாலு வார்த்தை திருப்பிக் கேட்டுட்டு மனசு ஆறிடும். வர மாட்டேங்கிறாளே! எதிர்ல பார்த்தா சிரிக்கிறா. சாப்பிட்டாச்சாக்கான்னு கேக்கறா. அக்காவாம்! என்னைவிட ரெண்டு வயசு பெரியவளா இருப்பா.

ஒரு நாள் இங்க வந்தா. கத்தரிக்கோல் வேணும்னு. நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் நின்னா. சரி, வந்தது வந்துட்டா, சுவரைப் பார்க்கட்டும்னு நான் உள்ள போய் வேணும்னே மெதுவாத் தேடினேன். மயில் இருக்கு, அருவி இருக்கு, நான் எண்ணெய் வர்ணத்துல போட்ட ரெட்டைக் குதிரை இருக்கு. வந்து பார்த்தா அந்தம்மா எதையும் பார்க்கல. அதோ, கை கழுவற தொட்டிக்கு மேல, நான் பிரஷ்ஷைத் துடைக்கிற இடம் இருக்கு பாருங்க, பதினாலு வருஷ அழுக்கு, அதைப் பார்த்துக்கிட்டு நிக்கறா. இது ரொம்ப அழகா இருக்குக்கான்னு சொல்றா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நக்கல் பண்ணியிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன். நக்கல் இல்லங்க. நெஜமாவே சொல்றா. அதுதான் தாங்கல. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல எனக்கு.

ஆமா, பொறாமைதான். பொறாமை இல்லைன்னு சொன்னா நீங்க நம்பவா போறீங்க?

என்ன கேட்டீங்க? அங்க உள்ள போயிருக்கேனான்னா? நான் எதுக்குப் போறேன்? என் கால் படாது அந்த வாசல்ல. பின்ன டப்பா, ஷூ, தலையாட்டறது எல்லாம் எப்படித் தெரியும்னா... தெரியும். அதான், பசங்க சொல்றதுதான். ஏங்க வாயைப் புடுங்கறீங்க?

எழுந்துட்டீங்களே. ஒரு வாய் தண்ணியாவது குடிச்சுட்டுப் போங்க. அங்கதானே போறீங்க? போங்க போங்க, பார்க்காம முடிவு பண்ணாதீங்க. பாப்பா, பூனை முடிஞ்சுதா? அட, மறுபடியும் வாலு. எவ்ளோ நீளம்! பேப்பரை விட்டு மேசைக்கு வந்துருச்சு. பரவால்ல, விடுங்க, துடைச்சுக்கலாம்.

போறதுதான் போறீங்க, எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா? அங்க ஒரு பொண்ணு இருக்கும். ரெட்டை ஜடை, கண்ணாடி, பதிமூணு வயசு. எல்லாருக்கும் கடைசியா மூலைல உக்காந்திருக்கும். இடது கையால வரையும். நீங்க உள்ள நுழைஞ்சா எல்லாப் புள்ளையும் திரும்பிப் பார்க்கும், அது மட்டும் பார்க்காது.

என் பொண்ணுதாங்க.

ஆமா. அங்கதான் போறா. நான்தான் அனுப்பினேன். என் புத்தியை என்ன சொல்றது? புள்ளைங்க ஒவ்வொண்ணா நழுவ ஆரம்பிச்சப்ப தலை கால் புரியல எனக்கு. இவளைக் கூப்பிட்டு, ஒரு மாசம் அங்க போ, என்ன சொல்லித்தர்றான்னு ஒண்ணு விடாம வந்து எனக்குச் சொல்லுன்னேன். பெத்த பொண்ணை வேவு பாக்க அனுப்பினேங்க. மாட்டேன்னுதான் சொன்னா. அசிங்கமா இருக்கும்மான்னா. திட்டி அனுப்பினேன். மூணு வயசுல இருந்து என் மேசைல வளர்ந்த கை. வருஷா வருஷம் முதல் பரிசு. அவளை யாரு என்ன மாத்திட முடியும்னு ஒரு திமிரு.

முதல் வாரம் எல்லாம் சொன்னா. டப்பா சொன்னா, ஷூ சொன்னா. ரெண்டாவது வாரம் பாதி சொன்னா. மூணாவது வாரம், என்ன சொல்லிக்குடுத்தாடின்னா, சொல்லத் தெரியலம்மா, பார்க்கணும்மாங்கிறா. மாசம் முடிஞ்சுது, போதும் நில்லுன்னேன். நிக்கல. இப்ப எட்டாவது மாசம்.

ஒரு நாள் அவ குளிக்கப் போயிருந்தப்ப பையைத் துழாவினேன். சுருட்டி ஒரு பேப்பர். பிரிச்சுப் பார்த்தா நான். முகம் கூட இல்ல, முதுகு. தொட்டிகிட்ட நின்னு பிரஷ் கழுவறேன். கொண்டை அவுந்து தொங்குது, குதிகால் வெடிப்பு தெரியுது. பார்த்ததும் நான்தான்னு தெரியுதுங்க, முகமே இல்லாம! ஒரு நாளாவது உக்காந்து என்னைப் பார்த்தாளான்னு கூட எனக்குத் தெரியாது. என் மேசைல பத்து வருஷம் கிளி போட்டவ, அவகிட்ட போயி நாலு மாசத்துல என்னைப் போட்டுட்டா. எனக்கு அழுகையா வந்துச்சா, ஆத்திரமா வந்துச்சான்னு இன்னும் தெரியல. நான் போட்ட எந்தப் படமும் அப்படி வந்ததில்ல. அது தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்ல.

ஆனா தோள் தப்பா இருந்துச்சுங்க. வலது தோள் ரெண்டு விரல் இறங்கி இருந்துச்சு. எப்பவும் அவ பண்ற தப்புன்னு நெனச்சேன். பேப்பர் கைல, ரப்பர் பக்கத்துல. அழிச்சு, நேராப் போட்டு, சரி பண்ணிட்டேன். ஆமாங்க, சரி பண்ணிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. பதினாலு வருஷமா அதைத்தானே பண்றேன்.

அவ தலையைத் துவட்டிக்கிட்டே வந்து பார்த்தா. சண்டை போடுவான்னு பார்த்தேன். பேப்பரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு உள்ள வெச்சுட்டு, டிபன் எடுத்து வைக்கவான்னு கேட்டா.

அப்புறமா நான் பீரோ கண்ணாடி முன்னாடி போய் நின்னு பார்த்தேன். இறங்கித்தாங்க இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு புள்ளைங்க கையைப் புடிச்சு வரைஞ்சதுல வலது பக்கம் நல்லாவே இறங்கிடுச்சு. நீங்களே பாருங்களேன், தெரியுதா? பார்த்தீங்களா. எனக்குத்தான் தெரியல.

அன்னைல இருந்து ஒரு பேப்பரும் வீட்டுக்கு வரல. எல்லாத்தையும் அங்கயே வெச்சுட்டு வெறுங்கையோட வர்றா. கேட்டா, ஒண்ணும் வரையலம்மாங்கிறா. மரியாதையாத்தான் சொல்றா, குறை சொல்ல முடியாது. பெத்தவ நான், ரோட்டுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், எம் பொண்ணு படத்தை எல்லாம் எவளோ ஒருத்தி பார்த்துத் தலையாட்டிக்கிட்டு இருக்கா.

அதனால, நீங்க பாப்பாவை எங்க சேர்ப்பீங்களோ சேருங்க. அங்கயே சேர்த்தாலும் சரி, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நெனைப்பேன், ஆனா சொல்ல மாட்டேன். அந்த மூலைப் பக்கம் போறப்ப அவ என்ன வரையறான்னு மட்டும் ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நான் கேட்டேன்னு காட்டிக்காதீங்க. நல்லா இல்லைன்னா ரோட்ல இருந்தே சத்தமா சொல்லிடுங்க. நல்லா இருந்தா, உள்ள வந்து உக்காந்து மெதுவா சொல்லுங்க.