ஜன்னலோரப் புல்

புல் வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை இன்ஸ்பெக்டர் சார். தண்ணீர், வெயில், கொஞ்சம் உரம். அந்தக் கொஞ்சத்தில்தான் நான் தவறினேன்.

என் பெயர் சுந்தர்ராஜ். உத்தமபாளையத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தேன். கொடியைக் கவாத்து பண்ணியதும் உரத்தைக் கூடை கூடையாக அள்ளிப் போட்டுப் பழகிய கை இது. என் மனைவி அன்னத்தாய் படுத்த படுக்கையானதும் தோட்டத்தை விற்றுவிட்டு, தேனியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வீடு வாங்கினேன். பச்சையைப் பார்க்காவிட்டால் அவளுக்கு விடியாது. அதனால் வாசலில் கொரியன் புல் பதித்து, அவள் கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். "இது பட்டுப்போனா நானும் போயிருவேன், பாத்துக்கிருங்க" என்று விளையாட்டாகச் சொன்னாள். அன்றிலிருந்து விடிந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது புல்லைத்தான்.

புல்லின் நுனி கருகியது. பசிக்கிறது போலிருக்கிறது என்று திராட்சைக்குப் போடுகிற கணக்கில் யூரியாவை வீசினேன். இன்னும் கருகியது, இன்னும் வீசினேன். பிறகு தண்ணீரில்தான் கோளாறோ என்று கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தேன்.

சோதித்தவர் கருத்தக்கண்ணன், விவரமான மனுஷன். "நீங்க போட்ட உரம் பூராவும் கிணத்துல எறங்கிருச்சு. கைப்பிள்ளைக்கு இந்தத் தண்ணி ஆகவே ஆகாது, ஒடம்பு நீலம் பாரிச்சு உசுருக்கே ஆபத்தாயிரும். காய்ச்சுனா இன்னும் மோசம், தண்ணிதான் சுண்டும், உரம் அப்படியே நிக்கும். மொதல்ல உரத்த நிப்பாட்டுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் வீட்டுப் பின்கட்டில் பவானியும் அவள் புருஷன் முத்துக்குமரனும் குடியிருந்தார்கள். அவர்களுக்கும் அதே கிணறுதான். அவர்கள் மகள் சுபாஸ்ரீ கைக்குழந்தை. தாய்ப்பால் பற்றாமல் மாவுப்பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பாள் பவானி. ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"ஐயா, இந்தத் தண்ணிய பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

உண்மையைச் சொன்னால் முத்துக்குமரன் உர மூட்டையைத் தெருவில் எறிவான். புல் செத்துவிடும். புல் செத்தால் அன்னத்தாய். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை சார். அவ்வளவு பயம்.

"நல்லாக் காய்ச்சிக் குடு ஆத்தா" என்றேன். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். "ரொம்ப நேரம் கொதிக்க விடு" என்றும் சேர்த்துக்கொண்டேன். அப்படிச் சொன்னால்தான் அக்கறையாகத் தெரியும்.

அவள் நம்பினாள். தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை அடுப்பில் வைத்திருப்பாள்.

கொஞ்ச நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கே ஐயா." விரல் நகமும் அப்படித்தான் இருந்தது. நான் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "தீட்டுக்காரங்க யாராச்சும் தூக்கிச் சீர் தட்டியிருக்கும், மந்திரிச்சுட்டு வா" என்றேன். அவள் மந்திரித்துக்கொண்டு வந்து, மறுபடியும் பால் கரைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சுபாஸ்ரீ போய்விட்டாள். சுடுகாட்டிலிருந்து முத்துக்குமரன் திரும்பி வந்தபோது நான் புல்லுக்கு உரம் தூவிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் தூவ வேண்டுமே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை நான். தெரிந்துதான் சொன்னேன். ஆனால் எல்லாம் அன்னத்தாய்க்காகச் செய்தது. கட்டினவளைக் காப்பாற்ற எவனும் இதைச் செய்வான்.

அன்னத்தாய் எப்போது இறந்தாள் என்று கேட்கிறீர்கள். தை மாதம் சார். பவானிக்குப் பிள்ளை பிறந்தது அதற்கப்புறம், பங்குனியில். அதனால் என்ன? கட்டில் ஜன்னலோரத்தில்தான் கிடக்கிறது. காலையில் யாரையாவது அனுப்பித் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவளுக்குப் புல் தெரியாது.