கோபம் தீர்க்கும் அறை

பீங்கான் தட்டு உடைகிற சத்தம் எல்லோருக்கும் பிடிக்கும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். கடையில் யாராவது கை தவறி ஒரு கோப்பையைப் போட்டுவிட்டால், மன்னிப்புக் கேட்கும்போதே முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் ஓடும். இத்தனை வருடம் பீங்கான் கடை வைத்திருப்பவன் அதைக் கவனிக்காமல் இருக்க முடியுமா?

அதை வைத்துத்தான் கீழ் அறையை ஆரம்பித்தேன். கடைக்கு அடியில் இருந்த சரக்கு அறை, ஜன்னல் கிடையாது. விரிசல் விட்ட தட்டுகளை அடுக்கி, இரும்புக் கம்பியும் கையுறையும் தலைக்கவசமும் கொடுப்பேன். வேண்டிய மட்டும் உடைத்துவிட்டு, வீட்டுக்குப் பூனை மாதிரி போவார்கள். ஆரம்பத்தில் ஒருவர் ஆவேசத்தில் கம்பியோடு தெருவுக்கே ஓடிவிட்டார். அதிலிருந்து கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். உள்ளே ஒரு அழைப்பு மணி உண்டு. முடிந்ததும் அழுத்தினால் திறந்துவிடுவேன். காற்றுக்காக வைத்த துவாரம் என் கல்லாவுக்குப் பின்னால்தான் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கீழே யாருக்குக் கோபம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

போலீஸ்காரர் உங்களுக்குத் தெரியாததா, ஐயா? ஆபீஸில் வாங்கிய திட்டை ஒருவன் எங்கே கொண்டுபோய் இறக்குவான்? வீட்டில்தான். வழியிலேயே இறக்கி வைக்க நான் ஓர் இடம் கொடுத்தேன். அதைச் சேவை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இறந்துபோனவன் என் மச்சினன், என் மனைவிக்கு ஒரே தம்பி. டிரைவர் வேலை போய் எங்களோடு இருந்தான். தண்டச்சோறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவனாகவே உணரட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே சில்லுகளைப் பெருக்குவது அவன் வேலை. அவன் யாரைப் போலவும் பேசுவான். சாப்பிடும்போது என்னைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் ஒரு கணக்குலதாம்மா பண்றேன்" என்பான். என் மனைவி புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பாள். என் மகளும் சிரிப்பாள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் பின்னால் நடந்ததற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வாராவாரம் வருவார். ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தட்டு திருப்பி ஒண்ணும் பேச மாட்டேங்குதுங்க. அதுதான் குறை" என்றார். நியாயமான குறை. மறுவாரம் மச்சினனுக்குப் பஞ்சு வைத்த சட்டையும் தலைக்கவசமும் மாட்டி மூலையில் நிறுத்தினேன். அவருடைய மேலாளர் எப்படிப் பேசுவார் என்று கேட்டு, அப்படியே பேசினான். அவர் நுரை ரப்பர் தடியால் அடித்தார். இவன் "சார், போதும் சார், விட்டுடுங்க சார்" என்று கெஞ்சினான். அந்தக் கெஞ்சல் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதற்காகவே வரத் தொடங்கினார்கள். இரும்புக் கம்பி தட்டுகளுக்கு மட்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். நான் விதி இல்லாமல் எதையும் நடத்துகிறவன் இல்லை.

இன்ஷூரன்ஸ்காரரின் மனைவி ஒருமுறை கடைக்கு வந்தார். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஒரு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவரத் தொடர்ந்து வரச் சொல்லுங்கண்ணா. இப்பல்லாம் வீட்டுல நிம்மதியா இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சினன்தான் முரண்டு பிடிக்க ஆரம்பித்தான். விலாவில் வலி என்றான். வேறு ஊரில் லாரி ஓட்டப் போகிறேன் என்றான். அவனுடைய லைசென்ஸ் என் மேஜை டிராயரில் இருந்தது. தொலைத்துவிடுவான் என்று நான்தான் வாங்கிப் பூட்டி வைத்திருந்தேன். அப்புறம் தருகிறேன் என்றேன்.

"அவன விட்டுடுங்க. திரும்பிப் படுக்கக்கூட முடியல அவனால," என்றாள் என் மனைவி.

"இப்பத்தான் ஒரு வேலைல நிலைச்சு நிக்கிறான். நீயே கெடுத்துடாத."

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவனும் யாரைப் போலவும் பேசவில்லை. வீடு அமைதியாகிவிட்டது. நல்ல மாற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அன்று மதியம் இன்ஷூரன்ஸ்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஆபீஸில் எல்லோர் முன்னிலையிலும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்களாம். முகம் வெளுத்திருந்தது. மச்சினன் என்னை ஓரமாக இழுத்தான்.

"மாமா, இன்னைக்கு வேணாம். அவர் பார்வையே சரியில்ல."

"கோபமா இருக்கறவங்களுக்குத்தானடா இந்த அறையே," என்று தலைக்கவசத்தை அவன் கையில் திணித்தேன். அதை மாட்டிக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டான். இரண்டு பேரும் உள்ளே போனதும் பூட்டினேன்.

முதலில் தட்டுகள் உடைந்தன. பிறகு உடைகிற சத்தம் நின்றது, கம்பியின் சத்தம் நிற்கவில்லை. "சார், போதும் சார்." வழக்கமானதுதான். அப்புறம் மணி அடித்தது. விடாமல் அடித்தது. கடையில் கோப்பை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "கீழ என்னங்க சத்தம்?" என்று கேட்டார். நடிப்பு என்றேன். அந்த நேரத்தில்தான் துவாரம் வழியாக, மூன்று தரம், "மாமா" என்று கேட்டது. நடிக்கும்போது அவன் யாரையும் மாமா என்று கூப்பிட்டதில்லை. அது யாரைப் போலவும் இல்லை, அவனுடைய சொந்தக் குரல். சாவி என் பையில் இருந்தது. அந்தப் பெண்மணியின் கோப்பையைக் காகிதத்தில் நிதானமாகச் சுற்றிக் கொடுத்தேன்.

மணி ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்ஷூரன்ஸ்காரரே கதவைத் தட்டினார். திறந்தேன். கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். பாதியில் திறந்திருந்தால் மீதிக் கோபத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். அவரை நீங்கள் வீட்டில் பிடித்தபோது அவர் மனைவி மேல் ஒரு கீறலாவது இருந்ததா? இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

ஆமாம், மச்சினன் கூப்பிட்டது கேட்டது. மூன்று தரமும் நன்றாகவே கேட்டது. வேண்டுமென்றுதான் உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவன் கூப்பிடலையா? உங்களுக்குக் கேக்கலையா?" என்று கேட்டபோது, இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், ஐயா. தம்பியைப் பறிகொடுத்தவள். என்னையும் தப்பாக நினைத்துக்கொண்டால், ஆறுதலுக்கு அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?