பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி

நல்ல பிஸ்டனை எடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், சார். அது சரியில்லை. சித்தூரில் இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன், அதனால் சொல்கிறேன்.

கோவர்த்தனன் கொண்டுவந்தது எண்பத்தாறாம் வருஷத்து ஜப்பான் கார், டர்போ வைத்தது. மெட்ராஸில் யாரிடமோ வாங்கியிருந்தான். நான்கு சிலிண்டரும் உள்ளே கீறல் விழுந்து கிடந்தன. "நீயே பாத்து நல்ல பிஸ்டனா போடு மச்சான். எனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். பத்து வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

அவன் என் தங்கை யமுனாவின் புருஷன். கல்யாணமான எட்டாம் மாதம், தொண்ணூற்றைந்தில், கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனான். ஒரு வருஷம் போன் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் செய்வதாக அவன் சிநேகிதனே சொன்னான். யமுனா நம்பவில்லை. வாரமெல்லாம் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பழம் நறுக்குவாள், விரலிடுக்கெல்லாம் புண். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் வருமென்று தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்காருவாள். அங்கிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தவன் நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

போன வருஷம் அவன் திரும்பி வந்து அழுதான். அன்றே சேர்த்துக்கொண்டாள். நான் முகம் கொடுக்காததைப் பார்த்து, "எனுக்கே கோவம் போயிடுச்சி. உனுக்கு எதுக்குண்ணா இன்னும்?" என்று கேட்டாள்.

டர்போவின் சூட்டுக்கு வார்ப்புப் பிஸ்டன் தாங்காது. அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்தான் சரி. அதைத்தான் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். மட்டமான சாமான் போட்டேன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது சூட்டில் அதிகம் விரியும். அதற்காகச் சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைய வேண்டும். நான் வார்ப்புப் பிஸ்டனுக்கான அளவிலேயே கடையச் சொன்னேன். இரண்டு அளவுக்கும் தலைமுடி கனம்கூட வித்தியாசம் இல்லை. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. நெடுஞ்சாலையில் அழுத்தி மிதித்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடும் சக்கரம் அப்படியே நிற்கும்.

"ஊரைத் தாண்டினதும் நல்லா மிதிச்சிப் பாரு" என்று நானே அவனிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி எடுக்க இருவருமாக வந்தார்கள். திருப்பதிக்குப் போய்ச் சாமி கும்பிடுவதாக ஏற்பாடு. "நீயும் வாண்ணா, பின்னாடி இடம் கீது" என்றாள் யமுனா. வேலை இருக்கிறது என்றேன். முன் சீட்டில் ஏறினாள். இன்ஜின் சூடாக அவன் ஐந்து நிமிஷம் விட்டான். அந்த ஐந்து நிமிஷமும் நான் அவள் ஜன்னலோரம்தான் நின்றிருந்தேன். அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். ஒன்பது வருஷம் என் வீட்டில் சோறு தின்றவள், ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

நான் கதவைச் சரியாகச் சாத்திவிட்டு விலகிக்கொண்டேன்.

சந்திரகிரிக்கு முன்னால் நடந்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். பின்னால் வந்த லாரிக்காரன் மேல் தப்பில்லை, அவனை விட்டுவிடுங்கள். அவள் உள்ளே இருப்பது தெரிந்தேதான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கைக்காகத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், சார்.