இரண்டு பூச்சு வெள்ளி

மாலை ஆறேகால். இறம்பொடையைத் தாண்டி, பெரிய றோட்டை விட்டு மேலே ஏறும் தேயிலை மலைப் பாதை. ஒரு பக்கம் மலை. மறுபக்கம்… ஒன்றுமில்லை, மூடுபனிதான். மோட்டார் சைக்கிள் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

ஓட்டிக்கொண்டு போனவன் விஜேந்திரன். நம் முத்துலிங்கத்தின் அக்கா மகன். முத்துலிங்கத்தை உங்களுக்கே தெரியும்… பொய் சொல்ல வேண்டியிருந்தால்கூட சொல்லத் தெரியாமல் முழிக்கிற ஆள். முத்துலிங்கம் இதைச் சொன்னபோது கையில் இருந்த பிளேன்டீயைக் குடிக்கவே இல்லை. ஆறிப் போனது.

விஜேந்திரனுக்கு ஹோட்டல்களில் கேஸ் பூட்டும் வேலை. சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி, குழாய் இழுத்து, சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அந்தக் குழாயில் ஒரு சின்னப் பித்தளைச் சாமான் உண்டு. சேஃப்டி வால்வு. குழாய்க்குள் அமுக்கம் அளவு மீறினால் அது தானாகத் திறந்து, கேஸைக் கூரைக்கு மேலே வெளியே விட்டுவிடும். அமுக்கம் இறங்கியதும் தானாகவே மூடிக்கொள்ளும். வருஷக்கணக்கில் அதற்கு வேலையே இருக்காது. ஆனால் வேலை வருகிற அன்று, அது திறந்தே ஆக வேண்டும். அதற்குள் ஒரு தூசி போகக் கூடாது. அதன்மேல் ஒரு சொட்டுப் பெயின்ட் படக் கூடாது. தொழில் பழகப் போனால் முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான்.

அவன் போய்க்கொண்டிருந்தது ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்கு. இப்போது அது ஹோட்டல். தை மாதம் அங்கே தீப்பிடித்தது. ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்து, மறுநாள் ஆயுத பூசையோடு திறக்கப்போகிறார்கள். அதற்குள் புது வால்வைப் பூட்டிச் சோதித்துக் கொடுக்க வேண்டும். உதவிக்கு வருகிறவன் பூசைக்கு லீவு. தனியாகத்தான் போனான்.

வேறு யாராவது போயிருக்கலாம். அவனும் கேட்டுப் பார்த்தான். நடக்கவில்லை.

வாசலில் காவல்காரர் ஒரு சிங்களவர், வயதானவர். கேட்டைத் திறந்துவிட்டு, பாதித் தமிழில் சொன்னார்.

"தம்பி, இக்மனட்ட… சுருக்கா முடிச்சிட்டு வாங்க. அந்த கேஸ் ரூம் பக்கம் நான் பொழுது பட்டா போறது இல்ல."

"ஏன் மாமே?"

"பெயின்ட் மணக்குது."

"புதுசா அடிச்சிருப்பாங்க."

அவர் தலையை ஆட்டினார். "அந்த ரூம்ல யாரும் அடிக்கல தம்பி."

இங்கே ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அந்த கேஸ் அறையையும் சுடுதண்ணீர் பொயிலரையும் பார்த்துக்கொண்டவர் மூக்கன். தொழிற்சாலை ஓடிய காலத்திலிருந்தே அங்கே இருந்தவர். கொழுந்து உருட்டும் மெஷினில் வலது கட்டைவிரலின் நுனி போய்விட்டது. அதனால் அவர் வைக்கிற சந்தனப் பொட்டு எதுவும் வட்டமாக வராது. பாதி வட்டம்… அரைநிலா மாதிரி. ஹோட்டலில் எந்த மெஷினைப் பார்த்தாலும் இது மூக்கன் வைத்தது என்று சொல்லிவிடலாம்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் அவர் எல்லாவற்றையும் துடைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, பொட்டு வைப்பார். போன வருஷமும் அப்படித்தான். வருஷாந்தச் சோதனைக்காக விஜேந்திரன் அன்றைக்குப் போயிருந்தான். வேலை முடிந்தது. ஹெல்மட்டைத் தலையில் மாட்டி, வண்டியை ஸ்டார்ட்டும் செய்துவிட்டான். மூக்கன் பெயின்ட் டின்னும் கையுமாக ஓடி வந்தார்.

"தம்பி… பைப்புக்கெல்லாம் அடிச்சிட்டேன். அந்தச் சின்னப் பித்தளை இருக்குல்ல… இதுக்கும் பூசலாங்களா தம்பி?"

வண்டிச் சத்தம். மழை வேறு வருகிற மாதிரி இருந்தது. வீட்டிலிருந்து மனைவி ரூபிகா இரண்டு தடவை ஃபோனில் கோல் எடுத்துவிட்டாள்.

"பூசுங்கய்யா, பூசுங்க. சாமிக்குத்தானே… நல்லா பளபளன்னு இருக்கட்டும்."

அவ்வளவுதான். போய்விட்டான்.

மூக்கன் நன்றாகத்தான் பூசினார். இரண்டு பூச்சு.

தையில் ஒரு விடியற்காலை, கேஸைக் குறைத்து அனுப்புகிற றெகுலேட்டர் பழுதாகி, குழாயில் அமுக்கம் ஏறியது. வால்வு திறக்க வேண்டும். திறக்கவில்லை. பெயின்ட் காய்ந்து அதன் வாயை ஒட்டிவிட்டிருந்தது. கடைசியில் சமையலறைச் சுவரோரம் ரப்பர் குழாய் வெடித்தது. தீ எழுந்து கேஸ் அறை வாசலை மூடிக்கொண்டது. மூக்கன் உள்ளே இருந்தார். எட்டு சிலிண்டர்… ஒவ்வொன்றாக மூடினார். ஏழாவதோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். எட்டையும் மூடிவிட்டுத்தான் அந்தத் தீக்குள்ளாக வெளியே வந்தார். சமையலறையில் நின்ற பதினொரு பேரும் பிழைத்தார்கள். அவர் நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து, போய்ச் சேர்ந்தார்.

பிறகு விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். இந்தப் பக்கம் விஜேந்திரன்.

"பெயின்ட் அடிக்கச் சொல்லி நீங்க சொன்னீங்களா?"

"இல்ல சேர்."

ஒரு சொல். ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதி, முடித்துவிட்டார்கள்.

வெளியே வாங்கில் பிரேமினி உட்கார்ந்திருந்தாள். மூக்கனின் மகள். அதே ஹோட்டலில் துணி துவைக்கிற வேலை. விஜேந்திரன் வெளியே வந்ததும் எழுந்து நின்றாள்.

"அண்ணே, எங்கப்பா கேக்காம ஒரு ஆணி அடிக்க மாட்டாரு. யாரையோ கேட்டுத்தான் இருப்பாரு. யார கேட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"சண்டைக்குப் போகவா போறேன்… தெரிஞ்சா போதும். லயத்துல எல்லாரும் ஹோட்டலக் கொளுத்துனவன் மகளுங்கறாங்க."

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சரி… கேஸ் அறைக்கு வருவோம்.

சுவர் புதுசு. குழாய் புதுசு. கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை. சோதனைக்கு நைட்ரஜன் மட்டும் காலையில் லொறி இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஆபத்தில்லாத காற்று. எரியாது. மணமே கிடையாது… இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விஜேந்திரன் டோர்ச்சை ஆணியில் தொங்கவிட்டு வேலையை ஆரம்பித்தான். வால்வை நேராக நிமிர்த்திப் பூட்டினான். புதுப் பித்தளை, பொன் மாதிரி மஞ்சள். அதன் வாயிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றி, மழை விழாமல் ஒரு லேசான மூடி. ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகச் சரிபார்த்தான். பிறகு அறையின் மறு மூலைக்குப் போய், நைட்ரஜனை மெதுவாகத் திறந்தான்.

அளவுமானியில் முள் ஏறியது. ஒன்று… ஒன்றரை… இரண்டு.

இரண்டில் திறக்க வேண்டும்.

திறக்கவில்லை.

இரண்டே கால்… இரண்டரை. குழாய் ஒரு தடவை 'டிக்' என்றது. அவன் நைட்ரஜனை மூடினான். முள் அங்கேயே நின்றது. புது வால்வு. அரை மணித்தியாலத்துக்கு முன்னால்தான் பெட்டியை உடைத்து எடுத்தான்.

டோர்ச்சைக் கழற்றிக்கொண்டு நடந்தான். நாலு எட்டு வைத்ததும் பெயின்ட் கரைக்கிற தின்னர் மணந்தது. மூக்கைக் குத்துகிற மணம். வெளிச்சத்தைத் தூக்கினான்.

வால்வு வெள்ளையாக இருந்தது.

வெள்ளிப் பெயின்ட். ஈரம். அடியில் ஒரு சொட்டு திரண்டு… திரண்டு… சீமெந்துத் தரையில் விழுந்தது. டொப்.

பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். ஓடி வந்து நிற்கிறவர் வாங்குகிற மூச்சு.

"தம்பி… இதுக்கும் பூசலாங்களா தம்பி?"

கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் விஜேந்திரனை உடைத்தது. அன்றைக்குக் கேட்ட அதே மரியாதை. அதே அவசரம், தம்பி போய்விடுவானே என்று.

திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வேணாம்யா… பூசக்கூடாதுங்க. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."



பிறகு கூரைக்கு மேலே… ஃப்ஸ்ஸ்ஸ்ஸ்… நீளமாக. ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த பெருமூச்சு மாதிரி. முள் இறங்கியது. இரண்டு… ஒன்றரை… வால்வு தானாக மூடிக்கொண்டது. வெளிச்சத்தில் பார்த்தால் பித்தளை பழையபடி மஞ்சளாக, காய்ந்து கிடக்கிறது. தரையில் சொட்டும் இல்லை.

மணமில்லாத காற்று என்றேன் அல்லவா… அறை முழுக்கச் சந்தனம் மணந்தது.

சாமான்களை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

இறங்குகிற வழியில்தான் லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். மூக்கனின் காம்பராவில் லைட் எரிந்தது. வாசல் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் பிரேமினி குத்துவிளக்கைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேகத்தைக் குறைத்தான். காலைக்கூட ஊன்றிவிட்டான். மூக்கன் ஐயாவிடம் சொல்லியாகிவிட்டது, இனி என்ன… என்று மனசு சொல்லியது. வேலை போகும் என்றும் சொல்லியது.

கியரைப் போட்டான்.

ஹட்டனில் வீடு சேர ஒன்பதே முக்கால். ரூபிகா ரொட்டி வைத்தாள். ஒரு துண்டு தின்றான். படுத்தான்.

முதலில் தின்னர் மணம் வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பிறகு கீழுதட்டில் ஏதோ பட்டது. குளிர்ச்சியாக, ஈரமாக. ஒரு கட்டைவிரல். நுனி இல்லாத, மொட்டையான கட்டைவிரல். காதுக்குப் பக்கத்தில், அதே மரியாதையோடு…

"தம்பி… இதுக்கும் பூசலாங்களா?"

வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. மேலுதடும் கீழுதடும் ஒட்டிப் போயிருந்தன. நெஞ்சுக்குள் மூச்சு ஏறுகிறது, ஏறுகிறது… போக வழியில்லை.

ரூபிகா எழும்பிப் பார்த்தபோது அவன் கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தான். நிமிர்த்தி முதுகில் ஓங்கி அடித்தாள். ஃப்ஸ்ஸ் என்று வெளியே வந்தது மூச்சு.

"என்னங்க… என்ன செய்யுது?"

"ஒதட்டுல பாரு. ஒதட்டுல என்ன இருக்கு?"

லைட்டைப் போட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லயேங்க."

அவன் நம்பவில்லை. குசினிக்குப் போய் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து உதட்டைத் தேய்த்தான். தோல் உரிந்து ரத்தம் வருகிறவரை தேய்த்தான். கண்ணாடியில் வெறும் சிவப்புத்தான் தெரிந்தது.

விடிவதற்கு முன்னால் திரும்ப வண்டியை எடுத்துவிட்டான்.

பிரேமினி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு நின்றாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். முதல் சொல் வரத்தான் நேரமானது.

"ஒங்கப்பா… என்னையத்தாம்மா கேட்டாரு. நான்தான் பூசச் சொன்னேன். விசாரணையில பொய் சொன்னேன். ஒங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. மலைக்குக் கீழே மூடுபனி கலைகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு ராத்திரி சோறு திங்கும்போது சந்தோஷமா சொன்னாருங்க. 'தம்பியே பூசச் சொல்லிருச்சு, நாளைக்கு இன்னொரு பூச்சு அடிக்கணும்'னு. எந்தத் தம்பின்னு நான்தான் கேக்காம விட்டுட்டேன்."

விஜேந்திரனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இத பூசையில எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா? லயத்து சனம் அத்தனை பேரும் வருவாங்க."

"சொல்றேம்மா."

சொன்னான். அன்றைக்கே அந்த வேலை போயிற்று. அது வேறு கதை. ஆனால் பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால், பிரேமினி பீலியில் நனைத்த ஒரு வெள்ளைத் துணியை அவனிடம் நீட்டினாள்.

"வாயத் தொடச்சிட்டு வாங்கண்ணே. ஒதட்டுல வெள்ளி ஒட்டியிருக்கு."

துடைத்தான். துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது இருவருமே அதைப் பார்த்தார்கள். வெள்ளியில் ஒரு விரல் பதிவு. பாதி வட்டம்.

அந்தத் துணியை அவள் துவைக்கவில்லை. மூக்கனின் படத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறாள். போன மாதம் முத்துலிங்கம் போயிருந்தபோது காட்டினாளாம். ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

இன்னும் காயவில்லை.