ரெண்டு போல்ட்டு, ஒரு கம்பி

கம்பிய விட்ராதீங்க மாமா. நீங்க பாட்டுக்கு போன எடுக்கறேன்னு கைய எடுத்தீங்கன்னா முறுக்கு பூரா பிரிஞ்சிரும், நான் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அடிக்கட்டும் விடுங்க. அத்தையாத்தான் இருக்கும். கூடத்துல ஒக்காந்துக்கிட்டு கொட்டாயில நிக்கிற மவனுக்கு போன் போடுறாங்க பாருங்க. டேய் எளவரசு, அந்தப் புள்ளகிட்ட ரெண்டு வார்த்த பேசுடா, அவுத்துவுட்ட மாடு மாதிரி நிக்காதடா.

இல்ல மாமா, அத்தை வரல, நான்தான் அவங்க குரல்ல பேசுனேன். திரும்பிப் பாத்துட்டீங்க பாத்தீங்களா. பெத்த புள்ளைக்கே வித்தியாசம் தெரியல, அப்பறம் மத்தவங்கள சொல்லி என்னா பண்றது.

கம்பிய நேரா புடிங்க. இப்புடி, உங்க பக்கமா லேசா இழுத்து. இறுக்கி இழுக்காதீங்க, அந்துரும். நகம் பெருசா இருக்கா? அப்ப சரி. சின்ன நகமா இருந்தா கம்பி மொனை குத்தி ரத்தம் வந்துரும். என் விரலப் பாருங்களேன், மருதாணி வெக்க எடமே இல்லன்னு அம்மா காலையிலேர்ந்து பொலம்பிக்கிட்டு இருக்கு.

ஆமா, இன்னிக்கு பூ வெக்க வந்துருக்கீங்கன்னு தெரியும். தெரியாமயா பாவாடை தாவணியோட வண்டிக்குக் கீழ ஒக்காந்துருக்கேன். ஆனா சனிக்கெழம அண்ணன் பைக்க வேன்ல ஏத்தணும். ஞாயித்துக்கெழம ரேசு. அதுக்கு முன்னாடி ட்ராக்ல ஒருத்தரு வந்து ஒவ்வொரு கம்பியா விரல வுட்டு இழுத்துப் பாப்பாரு. ஆடிச்சுன்னா வண்டிய திருப்பி அனுப்பிருவாரு. தமிழழகன், ப்ரதர், இது லூஸா இருக்கு ப்ரதர், வண்டிய ஓரமா தள்ளுங்க ப்ரதர். மூக்காலயே பேசுவாரு.

நான் எங்க மாமா போனேன். அண்ணன் வீடியோ எடுத்துட்டு வந்து காட்டும், அதுல கேட்டதுதான். மூணு ரேசுக்கு நான்தான் கம்பி கட்டிருக்கேன், ட்ராக்க கண்ணால பாத்ததில்ல. அப்பா வுடுவாரா. க்கும். பொட்டப்புள்ளைக்கு அங்க என்னாம்மா வேல, கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துருச்சான்னு ஆலைக்கு ஒரு போன் போட்டுக் கேளு.

சிரிக்கிறீங்க. எங்கப்பா கருப்பண்ணன் குரலு நல்லாத்தான் வரும் எனக்கு. அத வுட ஆலைச் சங்கு நல்லா வரும். போன தை மாசம் நான் ஊதுன சங்குல பக்கத்து வூட்டுக்காரரு சோத்துல தண்ணிய ஊத்திட்டு ஷிப்ட்டுக்கு ஓடிட்டாரு. பாதி எறையூரு தாண்டுன பொறவுதான் கடியாரத்தப் பாத்துருக்காரு.

கம்பி எதுக்கா? ரோட்ல ஓட்டுற வண்டிக்கு வேணாம் மாமா, உங்க உடையார்பாளையத்து முந்திரித் தோப்புக்கு போற வண்டிக்கெல்லாம் வேணாம். ட்ராக்ல ஓட்டுற ஓட்டத்துல வண்டி அதுரும் பாருங்க, அதுல போல்ட்டு தானா கழண்டுக்கும். ஆயிலு போல்ட்டு கழண்டா ஓட்டுறவன் தப்பிச்சுப் போயிருவான். பின்னாடி வர்றவன்தான் கொட்டுன ஆயிலுல வழுக்கி விழுவான். அதனால போல்ட்டு தலையில ஊசித் தொள போட்டு, கம்பிய கோத்து, முறுக்கி, பக்கத்துல இருக்கறதோட கட்டிப்புடறது. தொள போடறதுதான் கஷ்டம். துளைக்கிற ஊசி ஒடஞ்சு ஒடஞ்சு அண்ணன்கிட்ட எவ்ளோ திட்டு வாங்கிருக்கேன். பாலிடெக்னிக்ல எங்க வாத்தியாரு கூட இது பண்ணதில்ல. ரெண்டாம் வருசம் ஆட்டோமொபைலு மாமா. இன்னும் ஒரு வருசம் இருக்கு. அதப் பத்தி உள்ள யாராச்சும் பேசுனாங்களா?

இல்லையா. சரி.

இப்ப நீங்க புடிச்சிருக்கீங்கல்ல, இது முன் பிரேக்கு போல்ட்டு. ஜோடி. ஒத்த போல்ட்டுன்னா நேரா வண்டிச் சட்டத்துல கட்டிறலாம், அது பாட்டுக்கு அது இருக்கும். ஜோடின்னா ஒண்ணோட ஒண்ண கோத்துருவோம். மேல இருக்கறது கழல பாத்துச்சுன்னா கம்பி கீழ இருக்கறத இன்னும் இறுக்கும். கீழ இருக்கறது கழல பாத்தா மேல இருக்கறது இறுகும். ரெண்டாலயும் நவுர முடியாது. புரியுதா? உங்களுக்குப் புரியும். அத்தை சொன்னதும் இதேதான.

எப்பவா? போன வாரம் அத்தை மட்டும் தனியா வந்துருந்தாங்கல்ல, அப்ப. எங்கப்பா காப்பி ஆத்திக்கிட்டு இருக்காரு. அத்தை முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டு சொல்றாங்க. இந்தா பாருண்ணே, கவிதாவ ஒன் மவனுக்குக் குடுக்கறேன், வேணாம்னு சொல்லல. ஆனா ஒன் மவ சத்யப்பிரியாவ என் மவனுக்குக் குடுத்துரு. பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்தாத்தாண்ணே கணக்கு நேரா இருக்கும். இங்க என் பொண்ணு கண்ணு கலங்குச்சுன்னா, அங்க ஒன் பொண்ணு கண்ணும் கலங்கும்ல. அந்த பயம் ரெண்டு வூட்லயும் இருக்கணும்ண்ணே.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அப்பாவும் சிரிச்சாரு. எந்தங்கச்சி வீரம்மா வெவரமானவன்னு அம்மாகிட்ட பெருமையா வேற சொன்னாரு. நான் பலகாரத் தட்டோட நின்னுக்கிட்டு இருந்தேன்.

கை வலிக்குதா? கொஞ்சம் பொறுங்க.

அண்ணனும் கவிதாவும் விரும்பறது உங்களுக்குத் தெரியுந்தான? டேங்க்குல கே-ன்னு ஒரு எழுத்து ஒட்டியிருக்கே, பாருங்க, செவப்புல. அது எங்கப்பா பேருன்னு அண்ணன் சொல்லி வெச்சிருக்கு. அவரும் நம்பிக்கிட்டு, போறவன் வர்றவன்கிட்டல்லாம், எம் மவன் எம் பேர ஒட்டிக்கிட்டு பறக்குறான்னு சொல்லிட்டுத் திரியிறாரு. கவிதா நல்ல புள்ள மாமா. அது இந்த வூட்டுக்கு வந்தா எனக்கு ஒரு தொணைதான். என்னா, அது வர்றப்ப நான் இங்க இருக்க மாட்டேன். உங்க வூட்ல அது படுத்த பாயில படுத்துருப்பேன்.

மொதல்ல நான் கட்டுனப்ப தலகீழா கட்டிட்டேன். கம்பிய எந்தப் பக்கமா கொண்டு போறோம்னு ஒண்ணு இருக்கு. இறுகுற பக்கமா இழுக்கணும். நான் கழள்ற பக்கமா இழுத்துக் கட்டிட்டேன். பாக்க ஒரு வித்தியாசமும் இருக்காது மாமா, அதே பளபளப்பு, அதே முறுக்கு. போட்டா புடிச்சு வெக்கலாம். அண்ணன் கிட்டக்க வந்து பாத்துட்டு, ஏ சத்யா, இது போல்ட்ட புடிச்சிக்கிட்டு இல்ல, அவுத்துவுட்டுக்கிட்டு இருக்குன்னுச்சு. எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டு மறுபடி கட்டுனேன். வெட்டுன கம்பிய மறுபடி ஒட்ட முடியாது. குப்பைதான்.

என்னா கேட்டீங்க?

ஓ. உங்களப் புடிச்சிருக்கான்னா? அதக் கேக்கத்தான் இவ்ளோ நேரமா தொண்டைய செருமிக்கிட்டு இருந்தீங்களா. யாரு குரல்ல பதில் வேணும்? பெரம்பலூரு பஸ்டாண்டு கண்டக்டரு சொல்லட்டுமா? உள்ள போ உள்ள போ, எடம் கெடக்கு, படில நிக்காதம்மா, ஏறியாச்சுல்ல, அப்பறம் என்னா திரும்பிப் பாக்குற, உடையார்பாளையத்துக்கு முன்னாடி எங்கயும் நிக்காது. ரைட் போலாம்.

சரி சரி, ஒழுங்கா சொல்றேன்.

உங்கள எனக்குப் புடிக்காதுன்னு யாரு சொன்னா. சின்ன வயசுல முந்திரிக்கொட்ட சுட்டுக் குடுத்தது நீங்கதான். அந்தக் கொட்டப் பாலு பட்டு என் ஒதடு வெந்து போயி, ரெண்டு நாளு யாரு மாதிரியும் பேச முடியாம கெடந்தேன். ஞாபகம் இருக்கா? வூடே அமைதியா இருக்குன்னு அம்மா உங்களுக்கு வெல்லம் குடுத்து அனுப்புச்சு. புடிக்கிறது வேற மாமா.

நேத்து அம்மாகிட்ட சொன்னேன். மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம், நான் படிப்ப முடிக்கணும்னேன். அது நிமுந்து என்னப் பாத்துச்சு. அப்பறம் சிரிச்சிக்கிட்டு, யாருடி இது, எதுத்த வூட்டு ராசாத்தி மவளாங்குது. இல்லம்மா, நாந்தாங்கறேன். அய்யய்யோ அப்புடியே அவளாட்டமே இருக்கு, இந்தாங்க, இங்க வந்து கேளுங்கன்னு அப்பாவ கூப்புடுது. அப்பா வந்து தூணுல சாஞ்சு நின்னுக்கிட்டு, எங்க, இன்னொருக்கா சொல்லுங்குறாரு.

சொன்னேன் மாமா. வேணாம்பா, எனக்கு வேணாம்னு இன்னொருக்கா சொன்னேன். அழுகை வந்துருச்சு. அழுகையும் நல்லா வருதே இதுக்குன்னு கையத் தட்டுறாரு.

அண்ணன் வாசப்படில நின்னுச்சு. அது சிரிக்கல. அதுக்கு என் குரலு தெரியும். அப்புடியே இங்க வந்து வண்டிய தொடைக்க ஆரம்பிச்சிருச்சு. தொடச்ச எடத்தையே தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. அத நான் என்னா சொல்ல முடியும், என் கல்யாணப் பேச்சு நின்னா அது கல்யாணப் பேச்சும் சேந்து நின்னு போயிரும். அதான் சொன்னேனே, ஜோடி போல்ட்டு.

நீங்க சொன்னா நம்புவாங்க மாமா. நீங்கதான் பொறந்ததுலேர்ந்து ஒரே குரல்ல பேசுறீங்க. உள்ள போயி, கவிதாவ தமிழழகனுக்கே குடுங்க, எனக்கு பதிலுக்குப் பொண்ணு வேணாம்னு ஒரு வார்த்த. நான் சொன்னா மிமிக்கிரி. நீங்க சொன்னா ஆம்பள வார்த்த. கவிதாவ தனியா கட்டிக் குடுங்க, ஒத்த போல்ட்டா. அது பாட்டுக்கு அது நிக்கும்.

சிரிக்கிறீங்களா.

யாரு மாதிரியும் பேசல மாமா. இது கவிதா குரலு இல்ல. ராசாத்தி மவ குரலும் இல்ல. இது யாரு குரலும் இல்ல.

அந்தா, பூ வெக்க அம்மா கூப்புடுது. அது நெசமாவே அம்மாதான், நான் வாயத் தொறக்கல.

மொனைய மடக்கி வுட்டுட்டேன், இனிமே குத்தாது. கட்டியாச்சு. கைய எடுத்துக்கலாம் மாமா.

எடுங்க. இன்னும் ஏன் புடிச்சிக்கிட்டு இருக்கீங்க?